பண்ணலும் கிற்றாரும்

சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே மாதவி யாழைக் கையிலேந்திய அக்கணமே இசை எழுந்துவிடவில்லை. எட்டுத் தொழில்களை அவள் அதன் நரம்புகளின்மேல் முறையாகச் செய்து பார்க்கின்றாள். அதன் பின்னரே யாழ் கோவலன் கைக்குச் செல்கின்றது. அவ்வெட்டனுள் முதற்கண் வைத்தெண்ணப்படுவது பண்ணல். பாடக் கருதிய பண் யாதோ அதற்கேற்ப ஒவ்வொரு நரம்பையும் இறுக்கியோ தளர்த்தியோ அமைத்துக்கொள்ளுதலே பண்ணலாம். அங்ஙனம் அமைத்த நரம்பை விரலால் தடவிச் சோதித்தல் பரிவட்டணை. பண் என்னும் பெயரும் பண்ணல் என்னும் வினையும் ஒரே அடியிற் பிறந்தவையென்பதைத் தமிழ் பயிலும் மாணவர் நெஞ்சிற் பதித்தல் நன்று.

இச்செய்தியை இலக்கிய வகுப்பிற் கூறிக்கொண்டிருந்தபொழுது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, கிற்றாருக்கும் பண்ணல் உண்டோ?" என வினவினான். உண்டு என்பதே விடை. ஆயின் அவ்விடையை விரித்துரைத்தல் ஒரு பாடவேளைக்குள் அடங்குவதன்று. ஆதலின் இம்மலரின் பக்கங்களை அதற்குப் பயன்படுத்துகின்றேன்.

விரித்துரைத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் ஒட்டுசுட்டானிலும் அயலூர்களிலும் வீடுகளில் இருந்த ஆர்மோனியமும் வயலினும் வீட்டோடு போயின. மீண்டு வந்த குடும்பங்களிற் பிள்ளைகளின் கையில் இன்று காணப்படும் இசைக்கருவி பெரும்பாலும் கிற்றாரே. வெளிநாட்டிலிருந்து வரும் மாமன் கொண்டுவருவதும் அதுவே. பைலாவோடும், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப் பாடல்களோடும் எம் செவிக்குப் பழகிய கருவியாதலின், "அதிலே தேவாரம் வராது, பண்ணிசைக்கு அது ஆகாது" என்று சொல்வார் பலர். அச்சொல்லைக் கேட்ட பிள்ளை கிற்றாரைக் கோயில் வாசலுக்கு வெளியே வைத்துவிடுகின்றான். நாளடைவில் பண்ணையும் வெளியே வைத்துவிடுகின்றான். குறை கருவியிடத்ததன்று, அதன் தந்திகளைக் கூட்டும் முறையிடத்தது என்பதே யான் சொல்ல வந்தது.

முதலில் யாழை நோக்குவாம். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, சகோடயாழுக்கு 14, பேரியாழுக்கு 21 என்பர். யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தையே ஒலிக்கும். வீணையிற்போல மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுதல் அதில் இல்லை. எனவே பண் மாறின் நரம்பின் இறுக்கமும் மாறியாக வேண்டும். இந்நுட்பங்களைப் பழைய உரைகளிலிருந்து அகழ்ந்தெடுத்து, கணக்கிட்டு, 'யாழ் நூல்' எனத் தந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். துறவு பூணுமுன் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் இறையடி சேர்ந்தார். கணிதமும் பௌதிகமும் கற்ற தமிழறிஞர் ஒருவராலன்றி அந்நூல் ஆகியிராது என்பதை விஞ்ஞான மாணவர் கவனிப்பாராக.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழு நரம்புகளின் பெயர். இவற்றை முறையே ச, ரி, க, ம, ப, த, நி எனக் கொள்க. இவ்வேழினின்றும் பிறப்பன ஏழு பாலைகள். அவற்றுள் செம்பாலையை இக்காலத்து அரிகாம்போதிக்கு நேராகக் கொள்வாரே பெரும்பான்மையர். சங்கராபரணமெனக் கொள்வாரும் உளர். பெரும்பான்மையோர் கொள்கையின் வழிநின்று, குரலை அசைக்காமல், ஏழு பாலைகளையும் ஒரு வரிசையில் நிறுத்திப் பார்ப்பாம்.

மேற்செம்பாலையிலே, அதாவது கல்யாணியிலே, தொடங்குக. உழை நரம்பை அரைச்சுரம் தளர்த்தின் அரும்பாலையாகிய சங்கராபரணம் பிறக்கும். அடுத்துத் தாரத்தைத் தளர்த்தின் செம்பாலையாகிய அரிகாம்போதி. அதன்மேற் கைக்கிளையைத் தளர்த்தின் கோடிப்பாலையாகிய கரகரப்பிரியா. விளரியைத் தளர்த்தின் படுமலைப்பாலையாகிய நடபைரவி. துத்தத்தைத் தளர்த்தின் விளரிப்பாலையாகிய தோடி. ஈற்றில் இளியையும் தளர்த்தின் செவ்வழிப்பாலை. பஞ்சமம் தன்னிலையில் நில்லாமையின் இக்காலத்தார் இதனைத் தனி இராகமாக வழங்குவதில்லை. ஒவ்வொரு படியிலும் தளர்வது ஒரே ஒரு நரம்பு. ஒரு நரம்பு அரைச்சுரம் இறங்கியவுடன் பாட்டின் முகமே மாறிவிடுகின்றது. கல்யாணியைக் கேட்ட செவி ஐந்தாம் படியிலே தோடியைக் கேட்கின்றது.

இன்னுமொன்று. தளர்ந்த நரம்புகளின் வரிசையை நோக்குக: ம, நி, க, த, ரி, ப. மத்திமத்திலிருந்து எண்ணினால் நிடாதம் நான்காவது, நிடாதத்திலிருந்து காந்தாரம் நான்காவது, இவ்வாறே ஈறுவரை. நான்காம் நரம்பை நட்பு என்றும் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் எம் முன்னோர் பெயரிட்டனர். நட்பின் வழியே நடந்தால் ஏழு பாலையும் வரிசையாகக் கைகூடும். இப்பெயர்களை மறவாதிருங்கள், கிற்றாருக்கு வரும்போது இவை மீண்டும் வேண்டப்படும்.

கருவிக்கு எல்லையுண்டு என்பதையும் எம்மவர் அறிந்திருந்தனர். திருஞானசம்பந்தர் தருமபுரத்திற் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழில் அடங்கவில்லை. அவர் யாழையே முறிக்க ஓங்கினார் என்று பெரியபுராணம் கூறும். யாழ்முரி என அப்பதிகம் பெயர்பெற்றது. பிற்காலத்தில் யாழ் வழக்கொழிந்தது. அதற்குக் காரணம் பலவாகக் கூறுவர். பாட்டுக்குப் பாட்டு நரம்பு திருத்தும் தொல்லை மெட்டுடைய கருவியில் இல்லாமையும் ஒன்றென்பது எம் கருத்து. 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த வீணையில் எவ்விராகத்தையும் ஒரே கூட்டலில் வாசிக்கலாம். வசதி வந்தது; பண்ணல் என்னும் பழக்கம் போயிற்று. எனினும் முற்றாகப் போகவில்லை. புன்னாகவராளி, குறிஞ்சி முதலியவற்றை மத்திம சுருதியில் இசைக்கும்பொழுது சுருதித் தந்தியைப் பஞ்சமத்தினின்று மத்திமத்துக்கு மாற்றுவது இன்றும் உள்ள வழக்கே.

இனிக் கிற்றார். அதன் ஆறு தந்திகளும் தடித்த ஆறாந் தந்தியிலிருந்து மெல்லிய முதலாந் தந்திவரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ எனக் கூட்டப்படுவது உலகெங்கும் உள்ள பொதுமுறை. அடுத்தடுத்த தந்திகள் ஒன்றற்கொன்று நான்காவதாய் நிற்கின்றன. அதாவது நட்பு முறை. ஜீ தந்திக்கும் பீ தந்திக்கும் இடையில் மட்டும் அது குறைந்து மூன்றாவதாகின்றது. ஏனெனில் ஐந்து இடைவெளியும் நட்பாயின் மொத்தம் 25 அரைச்சுரமாகி ஈற்றுத் தந்தி பிசகும். ஓரிடத்தில் ஓர் அரைச்சுரம் குறைத்தமையால் 24 ஆகி, முதலாந் தந்தியும் ஆறாந் தந்தியும் இரண்டு மண்டில இடைவெளியில் ஒரே பெயர்ச் சுரமாகின்றன. மேனாட்டுப் பாட்டுக்குச் சுரக்கூட்டுகளை விரைந்து மாற்றிப் பிடிக்க இது மிக வசதியானது. அதனைக் குறைகூறுவார் யார்?

பண்ணுக்கோ அது இடையூறு. டீ சுரத்தை ஆதார சட்சமாகக் கொண்டு தோடியை வாசிக்கப் புகுந்தால், அழுத்தாமல் விடப்பட்ட பீ தந்தி சதுசுருதி தைவதமாகவும் ஈ தந்தி சதுசுருதி ரிடபமாகவும் தாமே அதிரும். தோடிக்கு இரண்டும் பகை. சுருதியாய் நின்று பாட்டைத் தாங்கவேண்டிய தந்திகளே பாட்டோடு மல்லுக்கு நின்றால் எவ்வாறு பண் பிறக்கும்?

இதற்கு மருந்தை எம் பெரியோர் ஏற்கெனவே காட்டியுள்ளனர். முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டு வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவருள் முதல்வர். மேனாட்டார் அதனை ஜீ, டீ, ஏ, ஈ எனக் கிளைமேற் கிளையாகக் கூட்டினர். எம்மவரோ ச, ப, ச, ப எனக் கூட்டினர். மரத்தை மாற்றவில்லை, வில்லை மாற்றவில்லை. கூட்டும் முறையை மாற்றினர். இன்று வயலினை அயலார் கருவி என்பார் எவருமிலர்.

கிற்றாரிலும் அதுவே வழி. மிக எளிய மாற்றத்தோடு தொடங்குக. ஆறாந் தந்தியை மட்டும் ஈ சுரத்தினின்று டீ சுரத்துக்கு இறக்குக. நான்காந் தந்தியோடு சேர்த்து மீட்டினால் இரண்டும் மேல்கீழ் மண்டிலத்தில் ஒன்றாய் இசையவேண்டும். இப்பொழுது தடித்த மூன்று தந்திகளும் ச, ப, ச என நிற்கும். தம்பூரா இல்லாத வீட்டுக்கு இதுவே தம்பூரா.

அடுத்த படியில் முதலாந் தந்தியை ஈ சுரத்தினின்று டீ சுரத்துக்கும், இரண்டாந் தந்தியைப் பீ சுரத்தினின்று ஏ சுரத்துக்கும் இறக்குக. ஆறும் டீ, ஏ, டீ, ஜீ, ஏ, டீ ஆகும். எம் வழக்கிற் சொன்னால் ச, ப, ச, ம, ப, ச. இக்கூட்டலை மேனாட்டிற் பரப்பியவர் டேவி கிரேம் என்னும் ஆங்கிலேயக் கலைஞர். மொரோக்கோ நாட்டில் ஊது என்னும் அராபியத் தந்திக் கருவியைக் கேட்டு, அவ்விசையோடு தம் கிற்றாரையும் இணைக்க முயன்று 1960 களின் தொடக்கத்தில் இதனைக் கைக்கொண்டார். கீழைத்தேய இசைக்காகவே தேடிய கூட்டல் கீழைத்தேயத்தவராகிய எமக்குப் பொருந்துவதில் வியப்பென்ன? இதிற் காந்தாரம் எந்தத் தந்தியிலும் இல்லை. ஆதலின் எக்காந்தாரத்தோடும் இது பகைக்காது. சுத்த மத்திமமும் பிறழாத இளியும் உடைய பாலைகளுக்கு இது பொதுக்கூட்டல் எனலாம்.

செவி பழகாத மாணவன் மெட்டுகளைக் கொண்டே இதனைச் சரிபார்க்கலாம். ஆறாந் தந்தியின் 7 ஆம் மெட்டு ஐந்தாந் தந்திக்கும், ஐந்தாவதன் 5 ஆம் மெட்டு நான்காவதற்கும், நான்காவதன் 5 ஆம் மெட்டு மூன்றாவதற்கும், மூன்றாவதன் 2 ஆம் மெட்டு இரண்டாவதற்கும், இரண்டாவதன் 5 ஆம் மெட்டு முதலாவதற்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

இனி மூன்றாந் தந்தி ஒன்றையே கவனியுங்கள். அதனை ஜீ சுரத்தினின்று அரைச்சுரம் தளர்த்தி, எஃப் சார்ப் ஆக்கின், ஆறும் ச, ப, ச, க, ப, ச ஆகும்; இக்காந்தாரம் அந்தர காந்தாரம். கல்யாணி, சங்கராபரணம், அரிகாம்போதி ஆகிய மூன்றும் இதில் மலரும். மத்திமமே இல்லாத மோகனமும் அவ்வாறே. இன்னும் அரைச்சுரம் தளர்த்தி எஃப் ஆக்கின், அது சாதாரண காந்தாரம். கரகரப்பிரியா, நடபைரவி, தோடி ஆகிய மூன்றுக்கும் உரியது. ஏழு பாலையில் ஆறு, ஒரே தந்தியின் இரண்டு நிலைகளில் அடங்கிவிட்டன. மேலே யாழிற் கைக்கிளை தளர்ந்தபோது செம்பாலை கோடிப்பாலையானதை நினைவுகொள்க. அதே கைக்கிளை, அதே அரைச்சுரம்.

தேவாரப் பண்களுக்கு இதனை இணைப்பது எளிது. பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணமாகவும், தக்கராகத்தைக் காம்போதியாகவும், இந்தளத்தை மாயாமாளவகௌளையாகவும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையாகவும் இன்று ஓதுகின்றனர். இவற்றுக்கு மூன்றாந் தந்தி எஃப் சார்ப். கௌசிகத்தைப் பைரவியில் ஓதுவர், அதற்கு எஃப். தான்தோன்றீசுவரர் சந்நிதியிலே பஞ்சபுராணம் ஓதும் எம் மாணவர் யாவர்க்கும் இப்பண்கள் செவியில் உள்ளவையே, விரலுக்குத்தான் புதியவை.

விரலுக்கான விதியும் சுருக்கமானது. பாட்டை முதலாந் தந்தியிலேயே வாசிக்க. மற்றவை சுருதியாய் ஒலிக்கட்டும். அழுத்தாத முதலாந் தந்தி சட்சம். மெட்டின் எண்ணே அரைச்சுரத்தின் எண். எனவே சங்கராபரணம் 0, 2, 4, 5, 7, 9, 11, 12. நிடாதத்தை இறக்கி 11 ஐ 10 ஆக்கின் அரிகாம்போதி. 4 ஐ 3 ஆக்கின் கரகரப்பிரியா. 9 ஐ 8 ஆக்கின் நடபைரவி. 2 ஐ 1 ஆக்கின் தோடி. பைரவிக்கு ஏறும்போது 9, இறங்கும்போது 8 என்பதை மட்டும் மறவற்க. கமகத்துக்குத் தந்தியை மெட்டின்மேல் ஒருபுறமாக இழுத்தோ, விரலை அடுத்த மெட்டுக்கு வழுக்கியோ அசைக்கலாம். வீணையின் வளம் முழுவதும் வராது, வந்தவரை கொள்க.

செவி கூர்மையானவர்க்கு ஒரு நுட்பம். மெட்டினாற் பிறக்கும் அந்தர காந்தாரம் இயற்கையான 5 : 4 விகிதத்திலும் சற்றுக் கூடியது. எஃப் சார்ப் தந்தியை மெட்டின்படியே கூட்டி ஆறாந் தந்தியோடு சேர்த்து மீட்டினால், செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று அடிப்புகள் அலைபோற் கேட்கும். அவ்வலை ஓயும்வரை மூன்றாந் தந்தியை மயிரிழையளவு தளர்த்துக. அப்பொழுது எழும் ஒலியின் அமைதியைச் சொல்லால் விளக்க இயலாது. கேட்டே அறிதல் வேண்டும். ஆனால் அங்ஙனம் தளர்த்திய தந்தியைக் கொண்டு இரண்டாந் தந்தியைச் சரிபார்க்கலாகாது. அதனை ஐந்தாந் தந்தியின் 12 ஆம் மெட்டோடு ஒப்பிடுக.

இம்மாற்றங்கள் யாவும் தளர்த்துதலாகவே அமைந்திருத்தலைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பௌதிகம். தந்தியின் மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமமானது. ஒரு முழுச்சுரம் இறக்கின் இழுவை ஏறத்தாழ 79 வீதமாகக் குறையும். ஒரு முழுச்சுரம் ஏற்றின் 126 வீதமாகும். ஏற்றினால் தந்தி அறும். மலிவான கிற்றாராயின் குதிரையே பெயர்ந்துவிடும். முகத்துக்கு நேரே குனிந்து தந்தியை இறுக்கும் சிறுவரை நான் எப்பொழுதும் தடுத்துவிடுவேன். தளர்ந்த தந்தி சற்று அதிர்ந்து மெட்டில் உரசுதலும் உண்டு. தடித்த தந்தி போட்டால் அது நீங்கும். கூட்டும்போது வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிப் பின் மெல்ல ஏற்றி நிறுத்துக. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிரடையில் எஞ்சிய தளர்ச்சி பாட்டின் நடுவிலே தன் வேலையைக் காட்டும். நைலோன் தந்தி படிவதற்கு உருக்குத் தந்தியிலும் நெடுநேரம் எடுக்கும்.

வேறு கூட்டல்களும் உள. ஹவாய்த் தீவினர் 1830 களில் மெக்சிக்கோ மாட்டிடையர் கொணர்ந்த கிற்றாரைத் தம் விருப்பப்படி தளர்த்திக்கொண்டனர். டீ, ஜீ, டீ, ஜீ, பீ, டீ என்பது அவர்க்கு மிக விருப்பமானது. பின்னர் அத்தீவிலேயே கிற்றாரை மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் முறை பிறந்தது. நேரான துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்திற் தொடுமாதலின், தந்திகள் தம்முள் இணங்கி நின்றாலன்றி அம்முறை நடவாது. அவ்வழுக்கலிற் கமகத்தைக் கண்டு அதனை இந்துஸ்தானி இசைக்குக் கொண்டுவந்தவர் பிரிஜ் பூஷண் கப்ரா. அவ்வழியில் வந்த விசுவ மோகன் பட் மேலும் பல தந்திகளைச் சேர்த்து மோகன வீணையாக்கினார். 1994 இல் அவருக்கு கிராமி விருது கிடைத்தது. எம் மாணவர்க்கு இவை பின்னர் பயிலத்தக்கவை.

ஈற்றிற் குரலைப்பற்றி ஒரு சொல். மேற்கூறிய கூட்டலில் சட்சம் இரண்டு கட்டை. பாடுவோர் குரல் நாலு கட்டையாயின் கப்போ என்னும் கவ்வியை 3 ஆம் மெட்டிலும், ஐந்து கட்டையாயின் 5 ஆம் மெட்டிலும் பூட்டுக; மெட்டுகளைக் கவ்வியிலிருந்து எண்ணுக. ஒரு கட்டையிற் பாடும் ஆண்குரலுக்கு ஆறு தந்திகளையும் இன்னும் ஒரு முழுச்சுரம் இறக்கல் வேண்டும்; அதற்குத் தடித்த தந்திகள் கட்டாயம். கவ்வி பூட்டியபின் தந்திகள் சற்றே இழுபட்டிருக்குமாதலின், மூன்றாந் தந்தியை மட்டுமேனும் மறுபடி செவிகொடுத்துப் பார்த்த பின்னரே பாடத் தொடங்குக.